கொரோனா ஊரடங்கில் கற்றதில் இன்றும் கையில் இருப்பது எது?

இடுகை 1 | கல்லாப்பெட்டி, மதுரை

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, என் தந்தையாரின் 2020-ஆம் ஆண்டுப் பற்று நோட்டு அகப்பட்டது. எடுத்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அன்று மாலை முழுவதும் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த இழையைத் தொடங்கக் காரணம் அதுதான்.

எங்களுடையது ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய மளிகைக் கடை. ஆட்டோ ஓட்டுபவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், கோயிலைச் சுற்றி வளையலும் குங்குமமும் விற்பவர்கள், வாசலில் அடுப்பை வைத்து இட்லி அவிப்பவர்கள் என்று தெருவில் பெரும்பாலோர் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சமைப்பவர்கள். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தபோது, அவர் பேசி முடிப்பதற்குள் எங்கள் கடை வாசலில் முப்பது பேராவது நின்றிருப்பார்கள். அன்றைக்கு வாங்கியவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் கடைகளையும் அடைத்து முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தபோதோ, முந்தைய நாள் வந்தவர்களில் பாதிப் பேரிடம் காசு இல்லை. மூட்டையாகக் கேட்டவருக்கும் ஐந்து கிலோ அரிசிக்கு மேல் தருவதில்லை என்றும், காசில்லை என்றவருக்கும் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் தருவது என்றும் தந்தையார் தமக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மே 4 அன்று கைப்பேசியில் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். சித்திரையில் சம்பாதிப்பதை வைத்து ஆடி வரை ஓட்டும் குடும்பங்களுக்கு அது என்ன ஆண்டு என்பதை அந்த நோட்டு நாள்வாரியாகக் காட்டுகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் துவரம்பருப்பு அரைக் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர் என்று இருந்த பக்கங்களில், மே மாதத்தில் பருப்பு கால் கிலோவாகிறது. பிறகு காபித்தூள் நின்றுபோகிறது, அதற்கடுத்துத் துணி சோப்பு. ஜூன் மாதம் மறுபடி ஊரைப் பூட்டியபோது உப்பும் ரவையும் நூறு மில்லி எண்ணெயும்தான் மிஞ்சுகின்றன. ஒரு வீட்டுப் பக்கத்தில் மட்டும், எல்லாம் குறைந்த பிறகும், ஐந்து ரூபாய் பிஸ்கட் ஒரு நாள் விடாமல் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டில் அப்போது மூன்று வயதுக் குழந்தை இருந்தது.

மொத்தம் நாற்பத்தொரு வீடுகள். இருபத்தொன்பது வீடுகள் முழுவதும் கட்டிவிட்டன. ஒன்பது வீடுகளிலிருந்து ஒரு பகுதி வந்தது. மூன்று வீட்டார் மட்டும் கடைப் பக்கமே திரும்பவில்லை. அவர்களுடைய பக்கங்களின் மேல் மூலையில் ‘கே.வே.’ என்று தந்தையார் பென்சிலால் குறித்திருக்கிறார். ‘கேட்க வேண்டும்’ என்பதன் சுருக்கம் என்று நினைக்கிறேன். கேட்காமலேயே 2022-இல் அவர் காலமாகிவிட்டார்.

நான் கற்றதை ஒளிக்காமல் சொல்கிறேன். தெரிந்தவர், தெருக்காரர் என்று எவராயினும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் என் கடையில் பற்று கிடையாது. பணம் போனதைக் காட்டிலும், இக்கட்டில் கொடுத்த கைக்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லையே என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நீங்களும் எழுதுங்கள். ஆரோக்கியமே செல்வம், உறவே பெரிது என்பனவற்றை அப்போதே கைப்பேசியில் ஆயிரம் முறை படித்துவிட்டோம். அந்த ஈராண்டு கழிந்த பிறகு உங்கள் நடைமுறையில் உண்மையிலேயே மாறியிருப்பது எது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இடுகை 2 | இரவுப்பணி, தஞ்சாவூர் மாவட்டம்

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். என் நடைமுறையில் மாறியது மிகச் சிறிய விஷயம். என் ரவிக்கைப் பையில் எப்போதும் ஒரு தாள் இருக்கிறது. அதில் நான்கு பேரின் தொலைபேசி எண்கள் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 35,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான நாட்கள் இருந்தன. வாசலில் ஆம்புலன்ஸ்கள் நின்றுகொண்டே இருக்கும். உள்ளே ஒரு படுக்கை காலியாவதற்குக் காரணம் ஒருவர் தேறி வீடு திரும்பியதாகவும் இருக்கலாம், மற்றொன்றாகவும் இருக்கலாம். மூச்சு வாங்கிக்கொண்டு வருபவரிடம் முதலில் விரலில் கருவியை மாட்டி அளவைப் பார்ப்போம், அடுத்ததாக வீட்டு எண்ணைக் கேட்போம். பலருக்கு மனைவியின் எண் தெரியாது, மகனின் எண் தெரியாது. எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கும், கைப்பேசியோ சார்ஜ் தீர்ந்து அணைந்திருக்கும், அல்லது அவருடைய விரல் பட்டால்தான் திறக்கும். நினைவு தப்பிய ஒரு பெரியவரின் விரலைப் பிடித்து, என் இரண்டு அடுக்குக் கையுறையோடு அவருடைய கைப்பேசியில் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். வியர்வையில் ஊறிய விரல் ரேகையை அது ஏற்கவில்லை. அவருடைய வீட்டார் எங்களைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

அதன் பிறகு என் பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் எண்களை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்வித்தேன். குடும்ப அட்டையின் பின்புறத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

முதல் அலையின்போது எங்கள் வாடகை வீட்டின் உரிமையாளர், ஒரு வாரப் பணி முடிந்து தனிமைப்படுத்தலும் முடிந்து நான் திரும்பிய நாளில், மாடிப்படியில் கைவைத்து ஏற வேண்டாம் என்று சொன்னார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு எங்களுக்காகத் தட்டு தட்டியவரும் அவரேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கைதட்டல் மார்ச் 22-இல், இது மே மாதத்தில். கோபத்தில் மனம் இரண்டையும் ஒரே வாரமாக்கிவிடுகிறது.

இடுகை 3 | மறுத்துரை, சென்னை

இத்தகைய இழைகளில் தனி மனிதர்களின் நெகிழ்ச்சிக் கதைகள் மட்டுமே சேர்ந்துவிடுகின்றன என்பதால் சற்று மாற்றிப் பேசுகிறேன். சமூகமாக நாம் எதையும் கற்கவில்லை. கற்றதுபோல் சிறிது காலம் நடந்துகொண்டோம்.

2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. அவருடைய சக மருத்துவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூட வேண்டியிருந்தது. தொற்று வந்த வீட்டின் வாசலில் தகரம் அடித்தார்கள். அடித்தது அரசு என்றாலும், இன்னும் உயரமாக அடிக்கச் சொன்னது பக்கத்து வீடு. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில், கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்தார்கள் என்ற பெயரில் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஊரடங்கு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இருவர்தான்.

தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம், பூத் தூவினோம், முன்களப் பணியாளர் என்று புதுப்பெயர் வைத்தோம். 2025 ஆகஸ்டில் அதே பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்து, கடைசியில் நள்ளிரவில் வண்டிகளில் ஏற்றப்பட்டபோது, 2020-இல் பூத் தூவிய எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாகக் குப்பை எடுக்கப்படவில்லை என்ற புகார் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. புகார் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இழையைத் தொடங்கியவரின் பற்று நோட்டைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுப் பேர் பணம் கொண்டுவந்திருக்கிறார்கள். வருமானமே நின்றுபோன ஓராண்டில் எந்த வங்கிக்கு இப்படி வசூலாகியிருக்கும்? நீங்களோ மீதி மூன்று பேரை வைத்துப் பாடம் கற்றிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

இடுகை 4 | கல்லாப்பெட்டி, மதுரை

மறுத்துரை அவர்களே, கல்லாவில் உட்காருபவனுக்கு வந்த பணம் ஞாபகத்தில் நிற்பதில்லை, வராத பணந்தான் நிற்கிறது. அது தொழில் புத்தி. சரி என்று வாதாட வரவில்லை.

இடுகை 5 | பேரீச்சைநிழல், தம்மாம், சவூதி அரேபியா

என் சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். 2020 ஏப்ரலில் என் தகப்பனார் இறந்தார். தொற்றால் அல்ல, மாரடைப்பால். மார்ச் 23-க்குப் பிறகு இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. சிறப்பு விமானங்கள் தொடங்கியது மே 7-இல்தான். சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றும் விதி இருந்தது. நாலு ஊர் பஞ்சாயத்துக்குப் போய்வந்த மனிதருக்கு இருபது பேர்.

என் சித்தப்பா மகன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு காணொலியில் காட்டினான். அவனும் அழுதுகொண்டிருந்ததால் கைப்பேசி நிலையாக நிற்கவில்லை. பந்தலின் தென்னங்கீற்று, அவனுடைய சட்டைப் பொத்தான், யாருடைய காலோ, மறுபடியும் தென்னங்கீற்று. அப்பாவைத் தூக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது. அப்போது படம் உறைந்துவிட்டது. திரும்பி வந்தபோது தெருவில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றுதான் அம்மாவிடம் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

தங்குமிடத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். அவர்களில் இருவர் மலையாளிகள், ஒருவர் இராஜஸ்தானியர், ஒருவர் வங்கதேசத்துக்காரர். அன்று இரவு அந்த வங்கதேசத்துக்காரர் எனக்கு மொட்டை அடித்துவிட்டார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது, நான் கேட்டேன், செய்தார். பதினாறாம் நாள்வரை என் முறை வந்தபோதெல்லாம் அவரே எனக்காகச் சமைத்தார்.

என்னிடம் மாறியது இதுதான். முதல் வாரத்தில் எல்லோரும் தொலைபேசியில் துக்கம் கேட்டார்கள், கருமாதிக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அது எவருடைய குற்றமும் அல்ல, நம் வழக்கமே அப்படித்தான். ஆனால் எனக்கு மூன்றாம் மாதத்தில்தான் தாங்க முடியாமல் போயிற்று. ஆகவே இப்போது எனக்குத் தெரிந்த எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும், தொண்ணூறு நாள் கழித்து வரும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு அன்றைக்குக் கூப்பிடுகிறேன். பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோதான் பேசுவோம். பத்து நிமிடம் கழித்து அவர்களாகவே தொடங்குவார்கள்.

இடுகை 6 | கரும்பலகை, விழுப்புரம் மாவட்டம்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர். 2020 மார்ச்சில் அடைத்த பள்ளியை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தார்கள். முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்குப் போன பிள்ளை, மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். கல்வித் தொலைக்காட்சி இருந்தது உண்மை. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வரும் என்பதும் உண்மை.

திறந்த முதல் வாரத்தில் ஒரு பையன் தன் பெயரின் முதல் எழுத்தைத் தவிர மற்றதை எழுத முடியாமல் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஊரடங்கில் அவனுடைய தந்தை தள்ளுவண்டியில் காய்கறி விற்றார், இவன் கூடப் போனான் என்று விசாரித்து அறிந்தேன். மறுநாள், தக்காளி கிலோ அறுபது என்றால் முக்கால் கிலோ என்ன விலை என்று வாய்மொழியாகக் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் நாற்பத்தைந்து என்றான். ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி ஐந்து, கறிவேப்பிலை கேட்டால் சும்மா கொடுத்துவிட வேண்டும், வாடிக்கை திரும்ப வரும் என்றும் சேர்த்துச் சொன்னான். அந்த நாற்பத்தைந்தைச் சிலேட்டில் எழுதச் சொன்னபோது ஐந்தை முதலில் போட்டான்.

இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை வகுப்புக்குள் என்ன தெரியாமல் வருகிறது என்று கணக்கெடுக்க எனக்குத் தெரியும், என்ன தெரிந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் இருந்ததில்லை. அது அன்றைக்கு வந்தது. இப்போது ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் புத்தகத்தைத் திறப்பதில்லை, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு முறை போய்வருகிறேன். 2021 அக்டோபர் இறுதியில் எங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்துக்கு மாலை நேரங்களில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்கள் எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். எங்கள் சக ஆசிரியர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இடுகை 7 | நூல்பிசிறு, திருப்பூர்

கல்லாப்பெட்டி அண்ணா, உங்கள் முதல் இடுகையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று வீட்டார் பக்கத்திலிருந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். பீஸ் கணக்கு. தைத்தால் கூலி, இல்லையென்றால் இல்லை. மார்ச்சில் கம்பெனி பூட்டியபோது கையில் இருந்தது ஒரு வாரச் சம்பளம். ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசியும் கொடுத்தார்கள், ஆயிரம் ரூபாய் வீட்டு வாடகையில் கால்வாசிகூட இல்லை. எங்கள் வீதிக் கடைக்காரர் கேட்டதையெல்லாம் கொடுத்தார். ஜூலை முடிவில் என் பெயரில் 6,840 ரூபாய் நின்றது.

ஆகஸ்டில் வேலை அரைகுறையாகத் தொடங்கியது. முதல் சம்பளம் வாடகைப் பாக்கிக்குப் போயிற்று, இரண்டாவது அடகு வட்டிக்கு. அந்தச் சமயத்தில் கடைக்குப் போய் ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெறுங்கையோடு போய் நிற்கக் கூசியது. ஒரு மாதம் போகாமல் இருந்தால், போகாமல் இருந்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஆகிவிட்டால் அந்தத் தெருவே அடைத்துவிடும். பஸ் ஸ்டாப்புக்கு ஐந்து நிமிட வழியை விட்டுவிட்டு, சாயப்பட்டறை ஓரமாகப் பதினைந்து நிமிடம் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மகள் கேட்டாள், ஏன் அப்பா இந்த நாற்றத்தில் போகிறோம் என்று. நாங்கள் ஏமாற்றவில்லை அண்ணா. கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுற்றிப் போனோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்த ஆண்டு கடையில் ஸ்கேன் பண்ணுகிற அட்டை மாட்டியிருப்பதாக மனைவி சொன்னாள். அவள் மூலமாக எண்ணை வாங்கி, மாதம் ஐந்நூறு அனுப்பத் தொடங்கினேன். ஒரு குறிப்பும் எழுதவில்லை. கணக்கும் வைத்துக்கொள்ளவில்லை. பதினாறாவது மாதம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, “கணக்குத் தீர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு தம்பி, மிச்சத்துக்கு வந்து சாமான் வாங்கிட்டுப் போங்க” என்றார். அன்றைக்கும் போக முடியவில்லை. மகளை அனுப்பினேன்.

இப்போது என்னிடம் எவராவது ஐந்நூறு ஆயிரம் கடன் வாங்கினால், திருப்பித் தருகிற தேதியை நான் கேட்பதில்லை. வாரத்துக்கு ஒரு முறை வேறு எதற்காவது நானாகப் போய்ப் பேசிவிடுகிறேன். என்னைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் போதும்.

இடுகை 8 | மறுத்துரை, சென்னை

நூல்பிசிறு எழுதியதற்குப் பிறகு என் முதல் வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்றவை நிற்கட்டும்.

கல்லாப்பெட்டி அவர்களே, ‘கே.வே.’ என்பதற்கு நீங்கள் கொண்ட பொருள் ஒன்றுதானா? ‘கேட்க வேண்டாம்’ என்பதற்கும் அதே இரண்டு எழுத்துகள்தான்.

இடுகை 9 | இரவுப்பணி, தஞ்சாவூர் மாவட்டம்

இரவு 2 மணிக்கு வார்டில் உட்கார்ந்து இதைப் படித்தேன். உங்கள் தந்தையார் மற்ற பக்கங்களில் பாக்கியை எப்படிக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள் ஐயா. அதே சுருக்கம் வேறு எங்காவது இருந்தால் பொருள் தெரிந்துவிடும்.

இடுகை 10 | கல்லாப்பெட்டி, மதுரை

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சகோதரி சொன்னபடி நோட்டு முழுவதும் தேடினேன். ஒரு பகுதி மட்டும் கட்டிய ஒன்பது வீட்டாரின் பக்கங்களில் ‘பாக்கி’ என்றுதான் இருக்கிறது. ‘கே.வே.’ அந்த மூன்று பக்கங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்த மூவரில் வளையல் விற்ற அம்மா, மகளோடு திருமங்கலம் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். மற்றொரு வீட்டைப் பற்றித் தகவல் இல்லை. மூன்றாமவர் ஆட்டோ ஓட்டியவர், அந்த ஐந்து ரூபாய் பிஸ்கட் வீடு. 2021-இல் வில்லாபுரம் பக்கம் குடிபோனவர், இப்போது ஓர் அடுக்ககத்தில் காவலாளியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தினேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் பணத்தைப் பற்றி வாயெடுக்கவில்லை, குழந்தை எந்த வகுப்பு என்றுதான் கேட்டேன். பதில் சொல்லிவிட்டு, “அப்பா எப்படி இருக்காரு, கடைக்கு வர்றாரா?” என்று கேட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னதும், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரவும் செய்யாமல் பேசவும் செய்யாமல் நின்றார். ஒரு கார் வந்து ஒலியெழுப்பியது, போய்க் கதவைத் திறந்துவிட்டு மறுபடியும் வந்து நின்றார்.

நேற்றுக் காலை கடைக்கு வந்தார். கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டார், கட்டிக் கொடுத்தேன். இருநூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, மீதியை எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நோட்டு இழுப்பறைக்குள்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.